எத்தனை நாள் போகிறது என்று கேளுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறையில் பொறுப்பில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஞாயிறு சாயங்காலமே வந்து மனு அடித்துக்கொண்டு போவார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என்று பதினாறு வருடமாக ஊருக்கே மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று நான் அடிக்கும் முதல் மனு இது.

விஷயம் இதுதான். ரத்தசோகை என்று ஒரு பெண் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால், மாத்திரை எழுதுவதற்கு முன்னால், கீரை சாப்பிடச் சொல்வதற்கு முன்னால், ஒரு கேள்வி கேளுங்கள். மாதவிலக்கு மாதாமாதம் எத்தனை நாள் போகிறது, எவ்வளவு ரத்தம் போகிறது என்று கேளுங்கள். அதை என்னிடம் ஒருவர் கேட்பதற்கு ஆறு வருடம் ஆனது.

இரண்டாவது பிள்ளை பிறந்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிந்தபோது எனக்கு 28 வயது. கர்ப்பமாக இருந்த வரைக்கும் கிராம சுகாதார செவிலியர் அக்கா வீடு தேடி வந்து ரத்தம் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், போடவில்லை என்று தெரிந்தால் திட்டவும் செய்தார். அவரை இன்றைக்குப் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் பிள்ளையின் தடுப்பூசி அட்டை நிரம்பியதோடு நான் உங்கள் பதிவேட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

33 வயதில் ஆரம்பித்தது. ஐந்து நாளில் நிற்பது ஏழு நாளானது, அப்புறம் ஒன்பது. முதல் மூன்று நாள் இரண்டு நாப்கினை ஒன்றாக வைத்து, அதற்கு மேலே பழைய காட்டன் சேலைத் துணியையும் மடித்து வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போவேன், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கடையில் கழிப்பறை கிடையாது. பக்கத்துத் தையல் கடை அக்கா வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய் நிற்பது என்று கூச்சப்பட்டு, அந்த நாட்களில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், கறுப்புச் சுடிதார் மட்டும் போட்டேன். நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி கட்டியாக விழும். அம்மாவிடம் சொன்னால், "நம்ம வம்சத்துக்கே அப்படித்தான் தாயி, எனக்கும் பத்து நாள் போகும்" என்று முடித்துவிட்டார். அம்மாவும் அப்படியே நாற்பது வயதைக் கடந்து வந்தவர்தானே, அவருக்கு வேறெப்படிச் சொல்லத் தெரியும்.

இதற்குத் தமிழில் பெயர் இல்லாமலும் இல்லை. பெரும்பாடு என்று நம் முன்னோர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் வைக்கிற அளவுக்கு ஊரறிந்த நோயாக இருந்த ஒன்றை நாங்கள் எங்கள் தலைவிதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அரிசி தின்கிற பழக்கம் எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தால் ஒரு வாசம் வருமே, அதற்காகவே அடுப்படிக்குப் போவேன். ஒரு கை அள்ளி வாயில் போட்டு நறுக் நறுக்கென்று மென்றால்தான் மனசு அடங்கும். கடையில் கல்லாப்பெட்டிக்குள் சில்லறைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா அரிசி எப்போதும் இருக்கும். பேப்பர் தீர்ந்து போனாலும் போகும், அந்த டப்பா தீராது. "அரிசி தின்னா கல்யாணத்துல மழ பெய்யும்பாக, ஒனக்குத்தான் கல்யாணமே முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்குடி திங்கிற" என்பார் அம்மா. நானும் விட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். முடியவில்லை. எனக்கு ஏதோ மனக்கோளாறு என்று பயந்து அதை யாரிடமும் சொன்னதில்லை.

பிற்பாடுதான் தெரிந்தது, பச்சை அரிசி, பல்பம், திருநீறு, சுவர்ச் சுண்ணாம்பு, செம்மண், ஐஸ் கட்டி என்று இப்படி எதன் மீதாவது அடங்காத ஆசை வருவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களில் ஒன்று என்று. எத்தனை பள்ளிக்கூடங்களில் பல்பம் தின்றதற்காக எத்தனை பிள்ளைகள் அடி வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. இங்க் டோனரைத் தூக்கி மாட்டக் கை நடுங்கியது. ராத்திரி படுத்தால் கால் இரண்டும் ஒரு இடத்தில் நிற்காது, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். பிள்ளைகள் மேல் எரிந்து எரிந்து விழுந்தேன். வீட்டில் எல்லோரும் சோம்பேறித்தனம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த ஆறு வருடத்தில் மூன்று டாக்டர்களிடம் போனேன். யார் எவர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒருவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்து "ரத்தமே இல்லையேம்மா" என்று சொல்லி ஒரு டானிக்கும் இடுப்பில் ஒரு சத்து ஊசியும் கொடுத்தார். இன்னொருவர் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார். மூன்றாமவர்தான் டெஸ்ட் எடுக்கச் சொன்னார், ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது, முப்பது மாத்திரை கொடுத்து, பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை சாப்பிடச் சொன்னார். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும், 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. 7.4 என்பது எவ்வளவு மோசம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ரத்தம் எங்கே போனது என்றும் மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மாத்திரையை நான் பதினொரு நாள்தான் போட்டேன். மலம் கறுப்பாகப் போனது, பயந்துவிட்டேன். வயிறு எரிந்தது, மூன்று நாளைக்கு ஒரு தடவை போவதே பெரிய கஷ்டமாகிவிட்டது. கறுப்பாகப் போவது இயல்புதான், பயப்படாதே என்ற ஒரு வரியை மாத்திரை கவர் மேல் எழுதியிருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். இதில் நான் அந்த மாத்திரையைப் போட்டதே காலை டீயோடுதான். டீயும் காப்பியும் இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்று தெரியாது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற கால்சியம் மாத்திரையும் அப்படித்தான், இரண்டையும் சேர்த்துப் போட்டால் கால்சியம் இரும்பைத் தடுக்கும். ஆனால் இரண்டையும் ஒரே கவரில் போட்டுத்தானே தருகிறார்கள், வீட்டுக்குப் போனதும் இரண்டையும் ஒரே தண்ணீரில் விழுங்கத்தானே செய்வார்கள்?

அப்புறம் ஒரு நாள் கடையில் மயங்கி விழுந்தேன். ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே பயிற்சியில் இருந்த ஒரு டாக்டர் பெண், என் தங்கை வயதுகூட இருக்காது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். "அக்கா, பீரியட்ஸ் எத்தன நாள் போகுது? ஒரு நாளைக்கு எத்தன பேட் மாத்துவீங்க? ராத்திரி எந்திரிச்சு மாத்த வேண்டியிருக்கா? கட்டி போகுதா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக, "அரிசி, மண்ணு, பல்பம் இப்படி எதாச்சும் திங்கணும்போல இருக்கா?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். என் கல்லாப்பெட்டி டப்பாவைப் பற்றி இவளுக்கு யார் சொன்னது என்றுதான் முதலில் தோன்றியது.

ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. ஃபெரிட்டின் டெஸ்ட்டை வெளியே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள், அறுநூறு ரூபாய் ஆனது, 4 என்று வந்தது. ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவு. 15-க்குக் கீழே போனால் சேமிப்பே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, 30-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும் என்கிற மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காய்ச்சலோ வேறு தொற்றோ இருந்தால் அது கூட்டிக் காட்டும் என்பதையும் அந்தப் பெண்தான் சொல்லிக் கொடுத்தாள்.

எனக்குக் கை நரம்பில் ஐயன் சுக்ரோஸ் என்ற இரும்பு மருந்தை ஏற்றினார்கள். சலைன் பாட்டிலில் அந்த மருந்தைக் கலந்ததும் பாட்டில் முழுக்கக் கடுங்காப்பி நிறத்துக்கு மாறும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு தடவையும் 200 மில்லிகிராம், ஐந்து தடவை. உதிரப்போக்கைக் குறைக்க அந்த நாட்களில் மட்டும் போடுவதற்கு டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. நார்க்கட்டி சின்னது, இப்போதைக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை என்றார்கள். ஒரு மாதத்தில் 7.4, 9.8 ஆனது. மூன்றாவது வாரமே ஒரு விஷயம் நடந்தது. கல்லாவைத் திறந்து சில்லறை எடுக்கும்போது அரிசி டப்பா கண்ணில் பட்டது, நான் அதைத் தொட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. வருடக்கணக்கில் என்னைப் பிடித்து ஆட்டிய ஆசை, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

இதை எழுத உட்கார்ந்த பிறகு நிறையப் படித்தேன், அந்த டாக்டர் பெண்ணிடமும் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கணக்கு ரொம்ப எளிதாகத்தான் இருக்கிறது. இரண்டு மில்லி ரத்தம் போனால் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்பு போகிறது. ஒரு மாதவிலக்குக்கு 80 மில்லிக்கு மேல் போனால் அதிக உதிரப்போக்கு என்கிறார்கள், அப்படியென்றால் மாதம் 40 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம், அதில் ஒரு மில்லிகிராம் அன்றாடத் தேய்மானத்துக்கே சரியாகிவிடும். எனக்கு 80 மில்லி எங்கே நின்றது, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போயிருக்கும். அடியில் ஓட்டை விழுந்த குடத்தில் ஆறு வருடம் பேரீச்சம்பழமாகப் போட்டு நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது டாக்டர் வாயிலிருந்தே வருகிறது. பீட்ரூட்டிலும் மாதுளையிலும் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நிறம் சிவப்பு, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ரத்தம் குறைந்த பெண்ணுக்கு ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வாங்கிச் சுட்டுக் கொடுப்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. மண்ணீரலிலும் ஈரலிலும் இருக்கிற இரும்பு அதிகம், உடம்பிலும் சீக்கிரம் சேரும். கீரையையும் பயறையும் நான் குறை சொல்லவில்லை, அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும், சாப்பிட்டவுடன் டீ குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். ஆனால் 7.4-ஐ எந்தச் சாப்பாடும் தூக்கி நிறுத்தாது. அதற்கு மருந்து வேண்டும். "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்புவதில், இவள் ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் இப்படி ஆனது என்ற பழியும் சேர்ந்து வருகிறது. அதை வாங்கிக்கொண்டுதான் நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளுக்காக நம் மாநிலம் செய்வதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. நம் ஊருக்கு இதில் பழைய வரலாறும் இருக்கிறது. கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்குக் காரணம் தேடி இங்கிலாந்திலிருந்து வந்த லூசி வில்ஸ் என்ற டாக்டர் அம்மா, பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்களிடம் ஆய்வைத் தொடங்கி, 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்திருக்கிறார். இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருக்கிறதே, அதே இடம். அவர் தேடிய பொருள்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது, நீங்கள் தருகிற சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது. அவர் அந்தப் பெண்களின் வாழ்க்கையைப் போய்ப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

ரத்தசோகைத் தடுப்புக்கென்று நாடு முழுவதற்குமான திட்டம் 1970-இலேயே தொடங்கிவிட்டது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. 2015-16-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 55 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2019-21-இல் 53.4 சதவீதம். நடுவில் 2018-இல் ரத்தசோகையற்ற பாரதம் திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தின் காகிதத்தில், 20 முதல் 49 வயதுவரை கர்ப்பமில்லாத பெண்களுக்கும் வாரம் ஒரு சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை என்று இருக்கிறது. எனக்கோ, என் தெருவில் நான் விசாரித்த யாருக்குமோ அந்த மாத்திரை ஒன்றுகூட வந்ததில்லை. எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளவு சரியாக வராது, அதனால் அந்தச் சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று ஒரு விவாதம் இருப்பதையும் படித்தேன். இருக்கட்டும். பத்துப் புள்ளி குறைந்தாலும் பத்தில் நான்கு பெண்கள். என் கடைக்கு ஒரு நாளில் வருகிற பெண்களை எண்ணிப் பார்க்கிறேன்.

இப்போது என் மகள் விஷயம். அவளுக்கு 15 வயது. எனக்கு நடந்ததைப் பார்த்துப் பயந்து அவளையும் கூட்டிக்கொண்டு போய் டெஸ்ட் எடுத்தேன். ஹீமோகுளோபின் 12.1, நார்மல் என்று அனுப்பப் பார்த்தார்கள். நான் பிடிவாதமாக ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னேன். 9. உடம்பு முதலில் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கும், அது காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பிக்கும். அந்தப் பிள்ளை சாயங்காலம் டியூஷனில் தூங்கி விழுகிறாள், படித்தது மறந்துபோகிறது என்று அழுகிறாள், நாங்கள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறீர்கள். பாதிப் பிள்ளைகள் அதைக் கழிப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள் என்று அவளே சொன்னாள். வெறும் வயிற்றில் போட்டு ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் போதும், வகுப்பு முழுக்கப் பயந்துவிடும். அது போட்டால் கறுத்துவிடுவோம் என்று வேறு ஒரு பேச்சு. கர்ப்பிணிகளிடமும் இதே பேச்சு உண்டு, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், டீச்சரும் அவர்கள் முன்னால் ஒன்று போட்டுக் காட்டட்டும். அதோடு அந்தப் பிள்ளைகளிடமும் அதே கேள்வி. வயசுக்கு வந்ததிலிருந்தே எட்டு நாள், பத்து நாள் போகிறது, சின்னதிலிருந்தே மூக்கில் ரத்தம் வருகிறது, பல் பிடுங்கினால் நிற்க மாட்டேன் என்கிறது என்றால், ரத்தம் உறைவதிலேயே குறை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு மாத்திரை மட்டும் கொடுத்து என்ன செய்வது?

என் சித்தியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 61 வயது, மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆனவர். ரத்தம் குறைவு என்று எட்டு மாதம் டானிக் குடித்தார். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைகிறது என்றால் உள்ளே எங்கோ கசிகிறது என்றுதான் முதலில் தேட வேண்டும், வயிற்றிலோ குடலிலோ. தேடியபோது பெருங்குடலில் இருந்தது, காலம் கடந்துவிட்டது. இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், புதிதாக ஒரு திட்டம் வேண்டாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைத்தீர்களே, மக்களைத் தேடி மருத்துவம், அது எங்கள் தெருவுக்கு வருகிறது. அந்த அக்கா பிரஷர் பார்க்கிறார், சுகர் பார்க்கிறார், மாத்திரையை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார். அவரிடம் எங்கள் தெருப் பெண்கள் மனசு விட்டுப் பேசுவார்கள், ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றுகொண்டு பேசாததையெல்லாம் பேசுவார்கள். அவர் கையில் இருக்கிற படிவத்தில் நான்கு கேள்வியைச் சேர்த்துக் கொடுங்கள். ஏழு நாளுக்கு மேல் போகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைகிறதா, கட்டி விழுகிறதா, அரிசியோ மண்ணோ தின்னத் தோன்றுகிறதா. ஆமாம் என்று சொல்கிறவளுக்கு அங்கேயே விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கலாம், அதற்கு டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது. குறைவாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு.

அங்கே போனால் வெறும் ஹீமோகுளோபினோடு நிறுத்தாதீர்கள். ரத்த அணுக்களை எண்ணுகிற இயந்திரம் இப்போது பல இடங்களில் இருக்கிறது, சிவப்பணுவின் அளவு சிறுத்திருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். சிறுத்திருந்தாலும் உடனே இரும்புதான் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமக்கிறவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும், அவர்களுக்கு வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பது வீண். நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோய் என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய் இருப்பது 1952-இலேயே கண்டறியப்பட்டது, அதிலும் ரத்தசோகை வரும். இரும்புக் குறைவா, வேறு காரணமா என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் ஃபெரிட்டின் வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரி அளவிலாவது அதை இலவசமாக எடுக்க வழி செய்யுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவளிடம் வெளியே போய் அறுநூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு வா என்றால் அவள் திரும்பி வரவே மாட்டாள்.

மாத்திரை விஷயத்தில் எனக்கு ஆச்சரியமாக இருந்த ஒன்று. இரும்பு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அது குடலின் கதவைக் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கச் சாத்திவிடுகிறது. அந்த நேரத்தில் போடுகிற அடுத்த மாத்திரையில் பெரும்பகுதி வயிற்றிலேயே தங்கி எரிச்சலும் மலச்சிக்கலும் கொடுக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த இளம் பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டவர்களுக்கு, தினமும் போட்டவர்களைவிட, ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு சேர்ந்திருக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துகிற எங்களைப் போன்றவர்களிடம் இதையாவது சொல்லிப் பார்க்கலாமே. கர்ப்பிணிக்கும் ரொம்பக் குறைவாக இருக்கிறவளுக்கும் எந்த முறை சரி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் "ஒத்துக்கலை" என்று ஒரு பெண் சொன்னால், அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடக் கூடாது. அடுத்த வழி என்ன என்று அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.

அதே மாதிரி, அளவு 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கப்புறம் மூன்று மாதமாவது போட்டால்தான் சேமிப்பு நிரம்பும். இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், யாரும் தானாகச் சொல்லவில்லை.

நரம்பில் ஏற்றுகிற இரும்பு மருந்து எங்கள் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கென்றே வைத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது அந்த டாக்டர் பெண் இரண்டு நாள் அலைந்து கையெழுத்து வாங்கியதால்தான். 8-க்குக் கீழே இருந்துகொண்டு மாதாமாதம் ரத்தத்தை இழக்கிற பெண்ணும் அதற்குத் தகுதியானவள்தான் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட் உங்கள் பிரசவ அறையிலேயே இருக்கிற மருந்து, விலையும் பெரிய விலை இல்லை. ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் பிரச்சினை முன்னால் இருந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, அதைக் கேட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் வளையம் வைத்தால் உதிரப்போக்கு வெகுவாகக் குறைகிறது, ஆனால் வெளியே அதன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. அதனால் என்ன நடக்கிறது தெரியுமா, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்ற இடத்துக்கு நேராக வந்துவிடுகிறார்கள். என் தெருவில் 35 வயதுக்குள் எடுத்துவிட்டு நிற்கிற மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்திக்காவது மாத்திரையோ வளையமோ கொடுத்துப் பார்த்தார்களா என்றால், இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் ஊழியர்களிடம். "நம்ம பொம்பளைங்களுக்குப் பத்து இருந்தாலே போதும்" என்று சொல்லாதீர்கள். என்னிடம் 9.8 வந்தபோது ஒருவர் அப்படிச் சொன்னார். எங்களுக்கு மட்டும் ஏன் பத்து போதும்? நாங்களும் பன்னிரண்டோடு வாழ வேண்டியவர்கள்தானே.

எனக்கு இப்போது 12.6. மாடிப்படி ஏறி இறங்குகிறேன், ராத்திரி தூங்குகிறேன். என் மகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுகிறாள், மூன்று மாதம் கழித்து மறுபடி ஃபெரிட்டின் பார்க்க வேண்டும், அந்த அறுநூறு ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்துத் தையல் கடை அக்கா போன வாரம் பேச்சுவாக்கில் ஐஸ் கட்டி ஆசையைப் பற்றிச் சொன்னார், நான் அந்த நான்கு கேள்வியையும் அவரிடம் கேட்டேன், நான்குக்கும் ஆமாம் என்றார். நாளைக் காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் அக்கா எங்கள் தெருவுக்கு அடுத்து வரும்போது அவர் கையில் அந்தப் படிவம் இருக்கட்டும். நான்கு கேள்விதான், கால் பக்கம்கூட வராது. தட்டச்சு செய்து நான் தயாராகவே வைத்திருக்கிறேன், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விருதுநகர் மாவட்டத்திலிருந்து, மனு அடித்துக் கொடுக்கும் ஒரு பெண்